கம்பியைப் பாடவைத்த நகைக்காரர்

ஹாரி பெர்டோயா என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் செய்த நாற்காலியைப் பார்த்திருப்பார்கள். வெறும் எஃகுக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சாய்சதுரமாக விரித்து, மெல்லிய கால்களின் மேல் நிறுத்திய நாற்காலி. விளம்பரங்களிலும் சினிமாக்களிலும் பெரிய அலுவலகங்களின் வரவேற்பறைகளிலும் எழுபது வருடங்களாக இருந்துகொண்டே இருக்கிறது. அதைச் செய்தவரின் தொழில் நாற்காலி செய்வது அல்ல. அவர் சிற்பி, சிற்பி ஆவதற்கு முன்னால் நகை செய்தவர். நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: அவர் கடைசிவரை நகைதான் செய்தார். நகையின் அளவுதான் ஆளுயரம், வீட்டுயரம் என்று வளர்ந்துகொண்டே போனது. இருபதாம் நூற்றாண்டில் உலோகத்தைத் தொட்ட கைகளில் மிக அருமையான கை எது என்று கேட்டால் எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

நாங்கள் குடியிருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய டிராய் நகரத்தில். கார் கம்பெனி வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். பக்கத்திலேயே புளூம்ஃபீல்ட் ஹில்ஸ். அங்கேதான் கிரான்புரூக் கலைக்கழகம் இருக்கிறது. பெர்டோயா பிறந்து நூறு வருடம் நிறைந்த 2015இல், அதன் அருங்காட்சியகத்தில் அவருடைய நகைகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். வளைத்தவை, வார்த்தவை, அடித்தவை என்று பொருள்படும் தலைப்பு. அதுவரை எனக்கு அவரை நாற்காலி வழியாகத்தான் தெரியும். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நின்ற பிறகு எல்லாமே தலைகீழாக மாறிவிட்டது.

தங்கமும் கல்லும் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பித்தளை, கொஞ்சம் வெள்ளி. ஆனால் என்ன வேலை! ஒரு கம்பியை எடுத்து அடைகல்லில் வைத்து ஒரு முனையை மட்டும் தட்டித் தட்டிச் சப்பையாக்கியிருக்கிறார். மறுமுனை உருண்டையாகவே இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வளைவு. இப்படிப் பல கம்பிகளை ஒரு தண்டில் வரிசையாகச் சேர்த்ததும் அது பூரானாகிவிடுகிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் புரோச். இன்னொன்று விதை வெடிக்கும் நேரம். இன்னொன்று இலையின் நரம்பு, இலையே இல்லாமல். சுத்தியல் விழுந்த தடம் ஒவ்வொன்றும் மேலே அப்படியே தெரிகிறது. மெருகு போட்டு அழிக்கவில்லை. எந்த அடி பலமாக விழுந்தது, எது மெல்ல விழுந்தது என்று கண்ணால் எண்ணிவிடலாம். சில புரோச்களில் குட்டிக் குட்டித் துண்டுகள் தொங்குகின்றன. அணிந்தவர் நடந்தால் அவை ஆடும், உரசும், சிணுங்கும். அப்போதே எனக்குள் பொறி தட்டியது. பின்னால் வரப்போகிற கம்பி நாற்காலி, கோயில் திரை, பாடும் சிற்பம் எல்லாமே இந்தப் பெட்டிக்குள் நகக்கண் அளவில் உட்கார்ந்திருக்கிறது!

அன்றிலிருந்து அவர் எங்கே, யாரிடம், எப்படிக் கற்றார் என்று துருவத் தொடங்கினேன். துருவத் துருவ அந்த ஆளின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி என்ற பகுதி. அங்கே சான் லொரென்சோ என்ற சிற்றூரில் 1915 மார்ச் 10ஆம் தேதி பிறந்தவர். ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண்கள், தங்கள் கல்யாணத் துணிகளில் போடும் பூவேலைக்கு மாதிரி வரைந்து தரச்சொல்லி இந்தப் பையனைத் தேடி வருவார்களாம். ஊருக்கு வெளியே கூடாரம் போடும் ஜிப்ஸிகள் செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்வதைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் நின்றதைப் பெரியவரான பிறகும் நினைவில் வைத்திருந்தார். பார்த்தது சரி, கேட்டதும் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

1930இல், பதினைந்து வயதில், அப்பாவோடு டெட்ராய்ட்டுக்கு வந்தார். அண்ணன் ஒரெஸ்தே ஏற்கெனவே இங்கே இருந்தார். பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பயணம். அப்பா ஊருக்குத் திரும்பினார். பையன் இங்கேயே இருந்துவிட்டார். அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் தவித்த நேரம் அது. கார்த் தொழிற்சாலைகளையே நம்பியிருந்த டெட்ராய்ட்டில் நிலைமை இன்னும் மோசம். மொழியும் தெரியாது. அந்தச் சூழலில் ஒரு பையன் ஓவியமும் நகையும் படிக்கிறேன் என்று நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதைவிடப் பெரிய ஆச்சரியம், அதைப் படிக்க ஓர் அரசுப் பள்ளி இருந்தது. காஸ் டெக்னிகல் ஹைஸ்கூல். நகரத்தின் நடுவில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. தொழில் கற்றுத்தரும் பள்ளி. படிக்கும் வயதிலேயே மாணவன் கையில் குறடும் அரமும் கொடுத்து உட்காரவைத்தார்கள். பெர்டோயா முதன்முதலாகக் கையால் நகை செய்யக் கற்றது அங்கேதான். 1936இல் படிப்பை முடித்தார்.

அந்தக் காலத்து டெட்ராய்ட்டை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். 1932, 1933இல் மெக்சிகோவின் தியேகோ ரிவேரா டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவர்களில் கார்த் தொழிலாளர்களை ஆளுயரத்துக்கு மேல் வரைந்துகொண்டிருக்கிறார். அவரை அழைத்தவர் அந்தக் கலைக்கூடத்தின் இயக்குநர் வில்லியம் வாலன்டினர், ரெம்பிராண்ட்டைக் கரைத்துக் குடித்த ஜெர்மானிய அறிஞர். அதே ஊரில் ஒரு பட்டறை மேசையில் பித்தளையைத் தட்டிக்கொண்டிருந்த இத்தாலியப் பையன் பத்து வருடம் கழித்து அவருக்கே மருமகனாகப் போகிறான்!

பள்ளிக்குப் பிறகு டெட்ராய்ட்டிலேயே கலை, கைவினைச் சங்கத்தின் கலைப்பள்ளியில் கொஞ்ச காலம். 1937இல் உதவித்தொகையோடு கிரான்புரூக்.

கிரான்புரூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நாளிதழ் அதிபர் ஜார்ஜ் பூத் தன் நிலத்தில் உண்டாக்கியது. பின்லாந்திலிருந்து வந்த கட்டிடக் கலைஞர் எலியேல் சாரினென் அதன் கட்டிடங்களை எழுப்பினார். கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஸ்வீடனின் கார்ல் மில்லஸ் அங்கேயே குடியிருந்து சிற்பம் செய்தார். அவருடைய வெண்கலச் சிலைகள் இன்றும் அங்கே நீரூற்றுகளுக்கு நடுவே நிற்கின்றன. பாடத்திட்டம், மணியடித்தால் வகுப்பு, பரீட்சை, மார்க் என்ற ஏற்பாடெல்லாம் கிடையாது. பெரிய கலைஞர்கள் தங்கள் வேலையைச் செய்வார்கள். மாணவர்கள் தங்கள் வேலையைச் செய்வார்கள். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்கலாம், பேசலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் குருவின் அருகில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்களே, அந்த ஏற்பாட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம்: ஓவியம் படிக்க வந்தவன் தறிக்கூடத்துக்கும் போகலாம், மட்பாண்டக் கூடத்துக்கும் போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

அந்த வருடங்களில் அங்கே ஒன்றாக இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். சார்ல்ஸ் ஈம்ஸ். பிறகு அவர் மனைவியான ரே. எலியேலின் மகன் ஈரோ சாரினென். பின்னாளில் நால் என்ற புகழ்பெற்ற மரச்சாமான் நிறுவனத்தை நடத்திய ஃபிளாரன்ஸ். அமெரிக்காவின் வீடுகளும் அலுவலகங்களும் விமான நிலையங்களும் அடுத்த முப்பது வருடம் எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்த கூட்டம் ஒரே சாப்பாட்டு அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அதிகம் பேசாத இந்த இத்தாலிய இளைஞர்.

கிரான்புரூக்கில் ஆர்தர் நெவில் கர்க் என்ற ஆங்கிலேய வெள்ளிக் கலைஞர் நடத்திய உலோகப் பட்டறை, பணநெருக்கடிக் காலத்தில் மூடிக் கிடந்தது. 1939இல் அதைத் திறந்து நடத்தும் பொறுப்பை பெர்டோயாவிடம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது! மாணவராக வந்து இரண்டே வருடத்தில் ஆசிரியர். தொடக்கத்தில் வெள்ளியில் தேநீர்க் குடுவை, காபிக் குடுவை என்று பெரிய பொருட்களும் செய்தார். அவற்றின் வழவழப்பும் அழகுதான். ஆனால் போர் வந்தது. உலோகம் ஆயுதங்களுக்குப் போய்விட்டது. பட்டறைக்குக் கிடைத்தது சிறு துண்டுகளும் கம்பிகளும். அவர் நகையின் பக்கம் முழுமையாகத் திரும்பியதற்கு இந்தத் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். கொஞ்சம் உலோகத்தில் எவ்வளவு சொல்ல முடியும் என்று அவர் கை பழகிக்கொண்டது அப்போதுதான். 1941இல் சார்ல்ஸும் ரேயும் கல்யாணம் செய்துகொண்டபோது மோதிரம் செய்து கொடுத்தவர் இவரே.

அந்த நகைகளின் பெருமை சிற்றூரோடு நிற்கவில்லை. 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கையால் செய்த நவீன நகைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோது அலெக்ஸாண்டர் கால்டரின் நகைகளோடு பெர்டோயாவுடையவையும் இருந்தன. கால்டரும் கம்பியை அடித்துச் சுருட்டி நகை செய்த மாபெரும் சிற்பி. இருவரையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். என் மனம் மட்டும் பெர்டோயா பக்கமே சாயும். கால்டரின் சுருள்கள் கழுத்தில் ஆட்சி செய்யும். பெர்டோயாவின் கம்பிகள் அப்போதுதான் முளைத்த மாதிரி உயிரோடு இருக்கும்.

கிரான்புரூக்கில் அவர் கண்டுபிடித்துக்கொண்ட இன்னொரு வேலை, ஒற்றைப் பிரதி அச்சு. கண்ணாடித் தகட்டில் மையைப் பூசி, அதன்மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, காகிதத்தின் முதுகில் விரலாலும் கையில் கிடைத்த கருவியாலும் அழுத்தி வரைவது. எடுத்துத் திருப்பினால் ஒரே ஒரு படம். இன்னொரு பிரதி வராது. இப்படிச் செய்த ஏறக்குறைய நூறு படங்களை நியூயார்க்கில் இப்போது குகன்ஹைம் என்று அறியப்படும் அருங்காட்சியகத்தின் ஹில்லா ரெபேக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று அபிப்பிராயம் கேட்டார். அந்த அம்மாள் அபிப்பிராயம் சொல்லவில்லை. மொத்தத்தையும் விலைக்கு வாங்கிவிட்டார்! படிக்கும்போது கைதட்டிவிட்டேன். அந்த அச்சு வேலையை அவர் சாகும்வரை விடவில்லை. இரும்பைப் பற்றவைக்கும் பகலுக்குப் பிறகு காகிதத்தில் யோசிக்கும் நேரம் அது.

1943இல் வாலன்டினரின் மகள் பிரிகிட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார், ஈம்ஸ் தம்பதியோடு வேலை பார்க்க. ஒட்டுப்பலகையை வளைத்துக் கடற்படை வீரர்களின் உடைந்த கால்களுக்குக் கட்டும் தாங்கிகள் செய்தார்கள், விமானப் பாகங்கள் செய்தார்கள், நாற்காலிகளை யோசித்தார்கள். நாற்காலிகள் வெளிவந்தபோது ஈம்ஸ் பெயர் மட்டுமே இருந்தது. பெர்டோயா விலகிவிட்டார். அவர் நண்பர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இருந்தாலும் அந்த வருடங்களில் அவர் செய்த ஒரு காரியத்துக்காக கலிபோர்னியாவுக்கு நன்றி சொல்லவேண்டும்: சாண்டா மோனிகாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டார். கிரான்புரூக்கில் ஆசிரியராக இருந்தவர், நியூயார்க் சுவர்களில் படம் தொங்கும் கலைஞர், மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்து நெருப்புப் பிடிக்கக் கற்றார். நகைப் பட்டறையில் ஊதுகுழலால் சுட்டுச் சேர்த்த கை, இப்போது எந்த அளவையும் சேர்க்கும் கையாகிவிட்டது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் மிக முக்கியமான படிப்பு இதுதான்.

1950இல் ஃபிளாரன்ஸ் நாலும் அவர் கணவர் ஹான்ஸும் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார்கள். கிரான்புரூக் சிநேகிதம். நாற்காலி செய்து கொடு என்று கெடு வைக்கவில்லை. உனக்குப் பிடித்ததைச் செய், நாற்காலியாக ஏதாவது வந்தால் காட்டு என்று பட்டறையைக் கொடுத்தார்கள். இப்படி நம்பும் முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார்! 1952இல் வைர நாற்காலி வந்தது. அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சதுரச் சதுரமாகப் பின்னிய கம்பி வலையை உடம்பின் பக்கம் இழுத்துக் குழித்தால் சதுரங்கள் தாமாகவே சாய்சதுரங்களாக நீளும். அந்த நீட்சியே நாற்காலியின் வளைவு. மேலே ஒட்டிய அலங்காரம் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கொண்டு வளைக்கப் பார்த்து, கடைசியில் அச்சில் வைத்துக் கையால் வளைப்பதே சரிப்படும் என்று முடிவு செய்தார்கள். நாற்காலி நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் அவர் நாற்காலியை விட்டுவிட்டு முழுநேரச் சிற்பியானார். வேறு யாராக இருந்தாலும் இன்னும் பத்து நாற்காலி செய்திருப்பார்கள்.

சிற்பங்களுக்கு வருகிறேன். வாரன் நகரில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஈரோ சாரினென் கட்டியது. அங்கே உணவு விடுதியில் பெர்டோயா செய்த பெரிய உலோகத் திரை ஒன்று நிற்கிறது. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ தமிழ்ப் பொறியாளர்கள் அந்த வளாகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் யாரைச் சந்தித்தாலும் நான் முதலில் கேட்பது, திரையைப் பார்த்தீர்களா என்றுதான். பார்க்காதவர்களுக்கு அப்போதே ஒரு பாடம் நடக்கும்.

நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவும் 43ஆம் தெருவும் சேரும் இடத்தில் 1954இல் ஒரு வங்கிக்காகச் செய்த திரை எழுபது அடி நீளம். ஏறக்குறைய எண்ணூறு தகடுகள். கண்ணாடிக் கட்டிடம் என்பதால் நடைபாதையில் போகிறவர்களுக்கும் அது சொந்தம். 2010இல் அதைக் கழற்றி எடுத்துப் போனபோது எதிர்ப்புக் கிளம்பி, நீதிமன்றம்வரை போய், 2012இல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு அவர் செய்த நீரூற்று இருக்கிறது. 1970 நவம்பர் 14ஆம் தேதி நடந்த விமான விபத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி உட்பட எழுபத்தைந்து பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 1972இல் திறந்தது. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் தண்ணீரை நிறுத்துகிறார்கள், வசந்தம் வந்தபின் மறுபடி திறக்கிறார்கள்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் பாஸ்டன் பக்கம் எம்ஐடி வளாகத்துக்குப் போங்கள். 1955இல் ஈரோ சாரினென் கட்டிய சிறு வழிபாட்டுக் கூடம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலே இல்லாத செங்கல் உருளை. விட்டம் ஐம்பது அடி. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். பிறகு மெல்லப் பழகும். வெள்ளைப் பளிங்குப் பீடம் ஒன்று. அதற்கு நேர் மேலே கூரையில் வட்டமான திறப்பு. திறப்பிலிருந்து பீடம்வரை நெடுங்கம்பிகள் இறங்குகின்றன. கம்பிகளில் அங்கங்கே சின்னச் சின்ன உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். அவ்வளவே பொருள். ஆனால் மேலிருந்து வரும் வெயில் ஒரு துண்டில் பட்டு அடுத்ததற்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்கு இறங்கி, பீடம்வரை உதிர்ந்துகொண்டே வருகிறது! மேகம் கடந்தால் நிற்கிறது. விலகினால் மறுபடி உதிர்கிறது. கட்டிடத்தைச் சுற்றியுள்ள நீர்த்தொட்டியில் பட்ட வெளிச்சம் சுவரின் அடிப்பகுதியிலிருந்து உள்ளே வந்து செங்கல்லில் நெளிகிறது. நான் போன நேரத்தில் ஒரு மாணவர் மட்டும் மூலையில் புத்தகத்தோடு இருந்தார். நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் கையால் சேர்த்தது. ஒட்டு இருக்கும் இடத்தில் உலோகம் லேசாக வழிந்து உறைந்திருக்கிறது. கிரான்புரூக்கின் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த, தொங்கி ஆடும் துண்டுகள் கொண்ட புரோச் இதுதான். ஒரு சட்டைக்குப் பதிலாக ஒரு கட்டிடம் அதை அணிந்திருக்கிறது.

இனி, ஒலி. 1960 வாக்கில் பட்டறையில் ஒரு கம்பியை வளைக்கும்போது அது இன்னொன்றில் மோதி ஓர் ஒலி எழுந்தது. எல்லாப் பட்டறையிலும் தினமும் நடப்பதுதான். இவர் நின்று கேட்டார். செம்படிக்கும் ஜிப்ஸிகளின் கூடாரத்துக்கு வெளியே நின்ற காது அல்லவா! ஒரு கம்பி இப்படி ஒலித்தால் நூறு கம்பி எப்படி ஒலிக்கும் என்று செய்யத் தொடங்கினார். ஒரு பலகைத் தகட்டில் வரிசை வரிசையாகத் துளையிட்டு நேரான கம்பிகளை நட்டுப் பற்றவைத்தார். பெரும்பாலும் பெரிலியம் கலந்த செம்பு. நன்றாக வளைந்துகொடுக்கும், உடனே நிமிரும், நீண்ட நேரம் ஒலிக்கும். சிலவற்றின் தலையில் கனமான பித்தளை உருளை. விரல் நீளத்திலிருந்து இரண்டு மாடி உயரம்வரை செய்தார். கையால் வருடினால் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கத் தொடங்கும். கையை எடுத்த பிறகும் தாமாக ஆடிக்கொண்டு, ஒலித்துக்கொண்டு இருக்கும்.

இதன் பின்னால் அழகான பௌதிகம் இருக்கிறது. ஒரு முனை மட்டும் பிடிப்பில் உள்ள கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. நீளத்தில் சிறு மாறுதலும் சுருதியில் பெரிதாகக் கேட்கும். அதன் அடுத்த மேல்சுரம், வீணைத் தந்தியில் போல இரண்டு மடங்கில் வராமல், ஏறக்குறைய ஆறேகால் மடங்கில் வருகிறது. அதனால்தான் இந்த ஒலி எந்த வாத்தியத்தோடும் சேராமல் தனியாக நிற்கிறது. ஒரே நீளக் கம்பிகள் பலவற்றை அருகருகே வைத்தால் அவற்றின் சுருதிகளில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் அலை அலையாக எழுந்து தாழும் ஒரு ரீங்காரமாகிறது. பெர்டோயா இதைக் கணக்குப் போட்டுச் செய்தாரா, தட்டிக் கேட்டுச் செய்தாரா என்று நான் யோசிப்பதுண்டு. கை வழியாகவே வந்திருக்கும் என்று நம்புகிறேன். தட்டிப் பார்த்து உலோகத்தின் நிலையைச் சொல்வது பட்டறை வித்தை.

பென்சில்வேனியாவில் பார்ட்டோ என்ற கிராமத்தில் தன் வீட்டருகே இருந்த பழைய கல் களஞ்சியத்தைப் புதுப்பித்து, தொண்ணூறுக்கு மேற்பட்ட ஒலிச் சிற்பங்களை உள்ளே நிறுத்தினார். கம்பிக் காடுகளுக்கு நடுவே தொங்கும் பெரிய பெரிய சேகண்டிகள். அங்கே அண்ணன் ஒரெஸ்தேயோடு சேர்ந்து வாசித்து, ஒலிவாங்கிகளை மேலே தொங்கவிட்டு நாடாவில் பதிந்தார். 1970இல் முதல் இசைத்தட்டு; சொனாம்பியன்ட் என்று பெயர் வைத்தார். எல்லாம் சேர்த்துப் பதினொரு தட்டுகள். கடைசிப் பத்தும் அவர் வாழ்வின் முடிவில் வந்தவை. 2016இல் பதினொன்றையும் ஒரே பெட்டியாகக் குறுந்தகடுகளில் மறுபடி வெளியிட்டார்கள். என்னிடம் இருக்கிறது.

ஊரிலிருந்து அத்தை, என் மாமியார், ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது ஒருநாள் நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னம்மா அது, கண்ணை மூடிக்கிட்டு அப்படிக் கேக்குறே?" என்றார். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"யாரு வாசிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லத்தை. வரிசையா நட்டுவெச்ச கம்பி. கையால தடவிவிட்டுட்டா அதுவே பாடுது."

"கோயில்ல மணி அடிச்சு நின்னப்புறம் ஒண்ணு கேக்கும் பாரு," என்றார் அத்தை. "அதை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்காரு."

எத்தனையோ விமர்சகர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒருவரும் சொல்லவில்லை.

கம்பிகளை நேரில் கேட்கும் வாய்ப்பும் ஒருமுறை கிடைத்தது. ஓர் அருங்காட்சியகத்தில், பார்வையாளர் தொடக்கூடாது என்ற விதி இருந்தாலும், அந்த நேரத்துக்கு ஊழியர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு வந்து, முழங்கால் உயரச் சிற்பம் ஒன்றை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே சேர்த்துப் பிடித்து விட்டுவிட்டார். இசைத்தட்டில் வராதது ஒன்று அங்கே இருந்தது. ஒலி தரை வழியாகக் காலில் ஏறியது! பக்கத்தில் நின்ற சிறுமி உடனே குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

அவர் தன் சிற்பங்களில் பெரும்பாலும் கையெழுத்துப் போடவில்லை, பெயரும் வைக்கவில்லை. இவை எனக்கு மட்டும் சொந்தமல்ல என்ற எண்ணம். நாற்காலியில் தன் பெயர் விடுபட்டபோது விலகிய அதே மனிதர்தான். ஊரார் பெயரை எடுத்துவிடுவது வேறு, தானே பெயர் போடாமல் விடுவது வேறு. இரண்டையும் அவர் தெளிவாக அறிந்திருந்தார் என்பதில் எனக்கு அவ்வளவு மதிப்பு.

1978 நவம்பர் 6ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது அறுபத்துமூன்றுதான். பல வருடம் சுவாசித்த உலோகப் புகையும் தூசியும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பெரிலியம் நுரையீரலுக்கு ஆகாதது. அதை எழுதும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தக் களஞ்சியத்தின் அருகிலேயே, அவர் செய்த பெரிய சேகண்டி ஒன்றின் அடியில், அவரை அடக்கம் செய்தார்கள். அப்பாவோடு பட்டறையில் வேலை செய்த மகன் வால் அந்த வேலையைத் தொடர்ந்தார். மகள் சீலியா அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கியிருக்கிறார்.

நீங்கள் அமெரிக்கா பக்கம் வந்தால் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் ஏயான் சென்டர் கோபுரத்தின் அடியில் 1975 வாக்கில் அவர் நிறுத்திய ஒலிச் சிற்பங்கள் திறந்தவெளியிலேயே இருக்கின்றன; டிக்கெட் கிடையாது. காற்று அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், அந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. எம்ஐடி கூடத்துக்கு வெயில் உச்சியில் இருக்கும் நேரம் நல்லது. எங்கேயும் போக முடியாதவர்கள் முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள்: ஒரு பக்கம் ‘பெல்லிஸ்ஸிமா பெல்லிஸ்ஸிமா பெல்லிஸ்ஸிமா’, மறுபக்கம் ‘நோவா’. பெல்லிஸ்ஸிமாவை முதலில் கேளுங்கள், நடுவில் நிறுத்தாமல். ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் அந்தப் பெரிய கம்பிகளின் அடிச்சுருதி கேட்கவே கேட்காது.